மெஹிடபிள் டீலின் கடைசி வரி

மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமையன்று எங்கள் சங்கக் கிளை கல்லறைக் கற்களைக் கழுவும். மழை பெய்தால் மூன்றாவது சனிக்கிழமை. ஹாலோவே கிரீக் என்னும் எங்கள் ஊரில் இந்த ஒழுங்கு தொண்ணூற்றொன்பது ஆண்டுகளாக மாறியதில்லை. மன்னரை எதிர்த்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த விடுதலைப் போரில் பங்கெடுத்தவர்களின் வழிவந்த மகளிர் சேர்ந்து நடத்தும் சங்கம் எங்களுடையது. அந்தப் போரின் வீரர்கள் இவ்வட்டாரத்தின் ஏழு இடுகாடுகளில் உறங்குகிறார்கள். அவர்களுடைய கல்லைக் கழுவுவதும், கொடி நடுவதும், முன்னாள் படைவீரர் இல்லத்துக்குப் போர்வை பின்னிக் கொடுப்பதும், புதிதாகக் குடியுரிமை பெறுவோரைக் கேக் கொடுத்து வரவேற்பதும் எங்கள் பணிகள். இவற்றுள் கல் கழுவுவதே கடினமானது. ஆகவே அதற்குத்தான் விதிகளும் மிகுதி.

விதிகளை எழுதியவள் நான். இரும்புத் தூரிகை கூடாது. பிளீச்சிங் தூள் கூடாது. தண்ணீர், மென்மயிர்த் தூரிகை, ஐஸ் குச்சி ஆகிய மூன்றும் போதும். பாசியை நன்றாக நனைத்து, அது தளர்ந்த பின்னரே குச்சியால் சுரண்டவேண்டும். கல்லைக் கீழிருந்து மேலாகக் கழுவவேண்டும்; மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் வழிந்து கீழ்ப்பாதியில் கோடு விழும், அந்தக் கோடு எளிதில் போகாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: இடுகாட்டு அறங்காவலரின் எழுத்து மூலமான இசைவு இல்லாமல் ஒரு கரண்டி மண்ணைக்கூடத் தோண்டக் கூடாது.

இவ்விதிகளை ஒருமுறைகூட மீறாதவள் ரோவீனா டீல். ஆனால் அவள் எங்கள் சங்கத்தின் உறுப்பினர் அல்லள்.

நான் லத்தீன் கற்பித்த அதே பள்ளியில் ரோவீனா முப்பத்திரண்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டினாள். ஓய்வு பெற்றதும் ஒரு சனிக்கிழமை தன் சொந்த வாளிகள் இரண்டுடன் இடுகாட்டுக்கு வந்து நின்றாள். அன்றிலிருந்து பதினோர் ஆண்டுகளாக, உறுப்பினர்களுள் பாதிப் பேர் முதுகுவலியைக் காரணம் காட்டும் நாள்களிலும், அவள் வராமல் இருந்ததில்லை. ரட் குடும்பத்து இடுகாட்டில் எலீஷா ரட் என்பவரின் கல்லை அவளே கழுவுவாள்; வேறொருவர் தொட அனுமதிக்கமாட்டாள். எலீஷா ரட் துப்பாக்கி பிடித்தவர் அல்லர். ஒன்பது மாதங்கள் படைக்கு மாவு மூட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்றவர். படை உண்ணாமல் போரிடாது என்பதால் சங்கம் அவரையும் வீரர் வரிசையில் சேர்த்திருக்கிறது. ரோவீனா அவரைத் தன் முன்னோர் என்றாள். அதற்குச் சான்று இல்லை என்று சங்கம் சொன்னது. சங்கத்தின் சார்பில் அதைச் சொல்லவேண்டிய பதிவாளர் நானாக இருந்தேன்.

சிக்கல் ஒரே ஒரு கண்ணியில் இருந்தது. ரோவீனாவிலிருந்து எலீஷா ரட்வரை ஏழு தலைமுறைகள். இடையில் ஆறு கண்ணிகள். ஐந்துக்கு ஞானஸ்நானப் பதிவும் உயிலும் மக்கள்தொகைக் கணக்கும் இருந்தன. ஆறாவது, மெஹிடபிள் என்னும் பெண். அவள் ஏசா டீலின் மனைவி என்பது உறுதி. யாருடைய மகள் என்பதுதான் தெரியவில்லை. எலீஷாவின் மகள் என்று டீல் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். குடும்பத்தில் சொல்லிவருவதைச் சங்கம் ஏற்றுக்கொண்டால், இந்த நாட்டில் எல்லோரும் தளபதியின் பேத்திகளாகிவிடுவார்கள்.

தவிர, எதிர்ச்சான்று ஒன்றும் இருந்தது. 1977ஆம் ஆண்டில் எங்கள் கிளை இவ்வட்டாரத்துக் கல்லெழுத்துகள் அனைத்தையும் படியெடுத்து, தட்டச்சு செய்து, நூலாகக் கட்டி, ஊர் நூலகத்தில் வைத்தது. அதன் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் உள்ளது இது: ‘மெஹிடபிள், ஏசா டீலின் மனைவி. 1841 மார்ச் 9ஆம் நாள் இறந்தாள். வயது 52.’ அதற்குப் பக்கத்தில் ‘முழுமை’ என்று ஒரு சொல். அதாவது, கல்லில் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்கு மேல் ஓர் எழுத்தும் இல்லை என்று பொருள். பக்கத்தின் அடியில் படியெடுத்தவரின் தலைப்பெழுத்துகள் உள்ளன. அவை என்னுடையவை. ஆகவே எனக்கு ஐயம் எழுந்ததே இல்லை.

ஏப்ரல் மாதக் கூட்டத்தில் ரோவீனாவின் உறுப்பினர் விண்ணப்பம் மூன்றாம் முறையாகத் தலைமையகத்திலிருந்து திரும்பி வந்திருந்தது.

எங்கள் கூட்டத்தில் வருகைப் பதிவின்போது எவரும் ‘உள்ளேன்’ என்று சொல்வதில்லை. பெயர் அழைக்கப்பட்டவள் எழுந்து நின்று தன் முன்னோரின் பெயரைச் சொல்லவேண்டும். தலைவி ட்ரூடி லோக்ஸ், “பீட்டர் லோக்ஸ், முரசறைந்தவர்” என்பாள். நான், “காஸ்பர் ஹாலன்பெக், சிப்பாய்” என்பேன். இருபத்து மூன்று பெண்கள் எழுந்து இருபத்து மூன்று இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லி அமர்வோம். ரோவீனா காப்பிக் கெண்டிக்கு அருகில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் பெயரை யாரும் அழைப்பதில்லை.

கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

“திரும்பி வந்துடுச்சா மிஸ்?”

“வந்துடுச்சு. காரணம் எழுதியிருக்காங்க. படிக்கட்டுமா?”

“வேண்டாம். போன ரெண்டு தடவை படிச்சதே மனப்பாடமா இருக்கு. நாப்பத்து மூணாம் பக்கம், முழுமை. அதுதானே?”

“அதுதான்.”

அவள் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

“அக்டோபர்ல நூறாவது வருஷக் கூட்டம் வருது. அன்னிக்குப் பேர் கூப்பிடும்போது நானும் எழுந்து நின்னு எலீஷா ரட்னு சொல்லணும் மிஸ். ஒரு தடவை சொன்னாப் போதும். எழுபத்தொரு வயசாயிடுச்சு. அந்த மனுஷன் கல்லைப் பதினோரு வருஷமாக் கழுவுறேன். உனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லைன்னு காகிதம் சொல்லிக்கிட்டே இருக்கு.”

“ஜூன் பதினஞ்சுக்குள்ள போய்ச் சேர்ற விண்ணப்பத்தைத்தான் அக்டோபருக்கு முன்னாடி பார்ப்பாங்க. புதுச் சான்று ஏதாவது இருந்தாக் கொடு. நானே தட்டச்சு பண்ணி அனுப்புறேன்.”

“புதுசுக்கு எங்க போவேன்? எல்லாரும் செத்துப் போயிட்டாங்களே” என்று சொல்லிச் சிரித்தாள். அழுதிருந்தால் எனக்கு அன்றிரவு உறக்கம் வந்திருக்கும். சிரித்ததனால் வரவில்லை.

மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை நன்றாக வெயில் அடித்தது. ரட் இடுகாடு ஒரு சோளக் கொல்லையின் நடுவில், மேப்பிள் மரங்களுக்குக் கீழ், முப்பது கற்களோடு இருக்கிறது. ஒன்பது பேர் வந்திருந்தோம். ட்ரூடி தன் இரும்புச் சாமான் கடையின் வண்டியில் தண்ணீர்ப் பீப்பாய், வாளிகள், இரண்டு காகிதப் பை நிறைய டோனட், ருபார்ப் பை எனப்படும் புளிப்பு அப்பம், இவற்றோடு ஒரு பெரிய கம்பிக் கூண்டையும் கொண்டுவந்து இறக்கினாள்.

“இது எதுக்கு?” என்றேன்.

“செஞ்சட்டைக்கு மிஸ். இந்த வருஷம் அவனா நானான்னு பார்த்துடறேன்.”

செஞ்சட்டை என்பது அந்த இடுகாட்டில் வளை தோண்டி வாழும் ஒரு கிரவுண்ட்ஹாக். பூனையைவிடப் பெரியது, கொழுத்தது, செம்பழுப்பு மயிரும் நீண்ட முன்பற்களும் கொண்டது. அந்நாளில் எங்களை ஆண்ட மன்னரின் சிப்பாய்கள் சிவப்புச் சட்டை அணிந்திருந்ததனால், ட்ரூடி அதற்கு அப்பெயரைச் சூட்டினாள். வீரர்களின் கல்லடியில் நாங்கள் நடும் ஜெரேனியம் செடிகளை ஒவ்வோர் ஆண்டும் அது தின்றுவிடும். மிளகாய்த் தூள் தூவினாள். செடியோடு சேர்த்துத் தின்றது. வானொலிப் பெட்டியை வைத்துப் பாட்டுப் போட்டாள். அது வளைக்கு வெளியே வந்து உட்கார்ந்து கேட்டது.

“போன வருஷம் வச்ச பன்னண்டு செடியில ஒண்ணுகூட மிச்சமில்லை. இருநூத்தம்பது வருஷம் முன்னாடி துரத்தின கூட்டம், இன்னும் நம்ம ஊரை விட்டுப் போகலை பாருங்க” என்றாள் ட்ரூடி.

“நீ பூ வைக்கிறதை நிறுத்து, அவன் போயிடுவான்” என்றாள் ரோவீனா, வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே. “நீ தட்டுல வச்சுச் சாப்பாடு போடுறே. அவன் ஏன் போகப்போறான்?”

“நீ யார் பக்கம் ரோ?”

“என்னைத்தான் எந்தப் பக்கத்துலயும் சேர்க்க மாட்டேங்கறீங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, கையுறை அணியாமல் தூரிகையை எடுத்த ஒருத்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குள் ரோவீனா எலீஷாவின் கல்லை முடித்துவிட்டாள். கல் வெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தது. அடுத்து வழக்கம்போல் வேலியோரத்தில் இருக்கும் மெஹிடபிளின் கல்லுக்குப் போனாள். மெஹிடபிள் வீரர் அல்லள். எனவே அந்தக் கல் எங்கள் பட்டியலில் இல்லை. அதைக் கழுவ ரோவீனா தன் நேரத்தைத்தான் செலவிட்டாள். தன் விதிப்படி அல்ல, என் விதிப்படி, மண்டியிட்டு அடியிலிருந்து தொடங்கினாள்.

சிறிது நேரத்தில் அவள் குரல் கேட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஐம்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்த குரல் அது.

“மிஸ்! இங்க வாங்க! ஓடி வாங்க!”

நான் ஓடுவதில்லை. ஆனால் விரைந்து நடந்தேன்.

ரோவீனா புல்லில் குப்புறப் படுத்திருந்தாள். அவளுடைய வலக்கை முழங்கைவரை மண்ணுக்குள் போயிருந்தது. மெஹிடபிளின் கல்லுக்கு முன்பாக, கல்லின் முகத்தை ஒட்டியே, செஞ்சட்டை இந்த வசந்தத்தில் ஒரு புதிய வளை தோண்டியிருந்தது.

“தோண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன் இல்லையா?”

“நான் தோண்டலை மிஸ். அவன் தோண்டினான். தூரிகை நழுவி உள்ள விழுந்துடுச்சு, எடுக்கலாம்னு கை விட்டேன்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “கல்லு இன்னும் கீழ போகுது. அதுல எழுத்து இருக்கு. விரல்ல படுது. இதோ, இதோ ஒரு வளைவு, அப்புறம் ஒரு நேர்க்கோடு…”

ட்ரூடி ஓடிவந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். ஒன்பது பெண்கள் ஒரு வளையைச் சுற்றி நின்றோம்.

எழுத்து தேய்ந்த கல்லைப் படிக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலை வாங்கி, கல்லின் மேல் பக்கவாட்டில் விழும்படி திருப்பினால், செதுக்கிய பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். என் பையில் எப்போதும் இரண்டு கண்ணாடிகள் இருக்கும். ஒன்றை ட்ரூடியிடம் கொடுத்து வெயிலைப் பிடிக்கச் சொன்னேன். மற்றொன்றை வளைக்குள் வைத்து எழுத்தைப் பார்க்கவேண்டும். அதற்கு யாராவது படுக்கவேண்டும். ரோவீனாவின் கண்ணில் நீர் நிறைந்திருந்ததனால் அவளால் படிக்க இயலாது.

நான் படுத்தேன்.

“மிஸ் படுக்கறாங்க! யாராவது படம் எடுங்க, இதை ஊர்ல நம்பமாட்டாங்க” என்றாள் ட்ரூடி.

“வாயை மூடிக்கிட்டு வெயிலைப் பிடி.”

வளைக்குள் ஈர மண்ணும் விலங்கின் நாற்றமும் இருந்தன. கண்ணாடியைச் சாய்த்தேன். வெயில் நுழைந்தது. கண்ணாடியில் எழுத்துகள் தலைமாறித் தெரிந்தன. அதில் எனக்குத் தொல்லை இல்லை, அவ்வாறு நாற்பது ஆண்டுகள் படித்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கல்லில் ‘மகள்’ என்ற சொல் முதலிலும் தந்தையின் பெயர் அடுத்தும் வரும். முதற்சொல் முழுதாகத் தெரிந்தது. மகள். அதற்குப் பின் மண் அடைத்திருந்தது.

“‘மகள்’னு இருக்கு” என்றேன்.

“யாரோட மகள்?”

“தெரியலை. பேர் மண்ணுக்குள்ள இருக்கு.”

ரோவீனாவின் கை மண்ணை நோக்கி நீண்டது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“வேண்டாம். இசைவு இல்லாம நீ மண்ணை எடுத்தா, நாளைக்குத் தலைமையகம் இந்தச் சான்றையே செல்லாதுன்னு சொல்லும். விலங்கு எடுத்த மண்ணு வேற, நீ எடுத்த மண்ணு வேற. வென்டலைக் கூப்பிடு ட்ரூடி.”

வென்டல் பிக்கர்ட் அந்த இடுகாட்டின் அறங்காவலர். புல் வெட்டுபவரும் அவரே. தொலைபேசியில் அவர் பன்றிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பதாகவும், முடித்துவிட்டு வருவதாகவும் சொன்னார். நாங்கள் காத்திருந்தோம். எல்லோருக்கும் டோனட் கொடுத்தார்கள். ரோவீனா தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை அவள் மடியில் உதிர்ந்தது.

“அமோஸா இருந்தா?” என்று திடீரெனக் கேட்டாள்.

எலீஷாவுக்கு அமோஸ் ரட் என்று ஓர் அண்ணன் இருந்தார். போரில் அவர் மன்னர் பக்கம் நின்றார். தம்பியின் மாவு மூட்டைகள் போகும் பாதையை மன்னர் படைக்குக் காட்டிக்கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். அவருக்கும் பெண் மக்கள் இருந்தார்கள். மெஹிடபிள் அமோஸின் மகளாக இருந்தால், சான்று கிடைத்த அந்தக் கணமே ரோவீனாவின் கதவு என்றென்றைக்கும் மூடிவிடும். சான்று இல்லாத வரையிலாவது அவள் எலீஷாவைத் தாத்தா என்று சொல்லிக்கொள்ளலாம்.

“பார்க்காமலே விட்டுடலாமா?” என்று ட்ரூடி மெல்லக் கேட்டாள்.

ரோவீனா டோனட்டை ஒரே வாயில் போட்டு மென்றாள்.

“அமோஸா இருந்தா அமோஸோட கல்லையும் கழுவுவேன். அந்தக் கிழவனுக்கு இதுவரை யாருமே கழுவலை. பார்த்துடுங்க.”

வென்டல் தன் புல்வெட்டி வண்டியிலேயே வந்து சேர்ந்தார்.

“கொஞ்சம் மண்ணுதானே, எடுங்க. என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“எழுதிக் கொடுங்க” என்றேன்.

“எழுதவா? காகிதம் எங்க இருக்கு?”

இருந்தது டோனட் வந்த காகிதப் பை ஒன்றுதான். அதைக் கிழித்து விரித்துக் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் அவ்வண்ணமே எழுதினார்: ‘மெஹிடபிள் டீலின் கல்லின் முன்புறம் ஆறு அங்குல ஆழத்துக்கு மண்ணை அகற்றிப் படித்தபின் மூடிவிட இசைகிறேன்.’ கையெழுத்திட்டார். தேதியை விட்டுவிட்டார், இடச் செய்தேன். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாள் இன்றும் சங்கத்தின் கோப்பில் இருக்கிறது.

ஒரு மரக் கரண்டியால் ரோவீனாவே மண்ணை எடுத்தாள். மண் தன் மடியில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல ஒவ்வொரு கரண்டியையும் பக்கத்தில் ஒழுங்காகக் குவித்தாள். பிறகு தண்ணீர் ஊற்றினாள். ட்ரூடி வெயிலைப் பிடித்தாள். வெயில் எழுத்தை விட்டு விலகியது.

“நேராப் பிடி ட்ரூடி!”

“நானும் பார்க்க வேண்டாமா மிஸ்?”

எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மண்ணுக்குள் இருந்ததனால் அவை காற்றிலும் மழையிலும் தேயாமல், கல்தச்சன் நேற்றுத்தான் உளியை வைத்துவிட்டுப் போனதுபோல் கூராக இருந்தன. ‘மகள்’ என்பதை அடுத்து இரண்டு சொற்கள். நான் அவற்றை உரக்கப் படித்தேன்:

“எலீஷா ரட்.”

அதன் பின் நடந்ததை ஒழுங்காக விவரிக்க என்னால் இயலாது. ஏனெனில் அதில் ஒழுங்கே இல்லை. ரோவீனா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். நான் ஒடுங்கிய உடம்புக்காரி, தூக்க முடிந்தது. ட்ரூடி வாளியைத் தட்டிவிட்டாள். யாரோ வென்டலை முத்தமிட்டார்கள். அவர் வண்டியின் ஒலிப்பானை விடாமல் அழுத்தினார். அப்பாலுள்ள கொல்லையில் உழுதுகொண்டிருந்தவன் விபத்து என்று எண்ணி வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். அவனுக்கும் அப்பம் கொடுத்தார்கள்.

“மாட்டு வண்டிக்காரன் பேத்தி பஸ் ஓட்டினா! வண்டி ஓட்டறது ரத்தத்துலயே இருக்கு ரோ!” என்று ட்ரூடி கத்தினாள்.

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் அடங்கும்வரை காத்திருந்தேன்.

“ரோவீனா, நான் ஒண்ணு சொல்லணும்” என்றேன். “அந்த நாப்பத்து மூணாம் பக்கத்தை எழுதினது நான்தான். 1977ல, போர்வீரர் நினைவு நாள் அன்னிக்கு. சாயங்காலம் ஊர்வலத்துல நான்தான் கொடி பிடிக்கணும். வெள்ளை கவுன் போட்டிருந்தேன். கறை படும்னு மண்டி போடலை. நின்னுகிட்டே படிச்சேன், நின்னுகிட்டே எழுதினேன். அப்போ கல்லு இவ்வளவு புதைஞ்சிருக்காது, ஆனா புல்லை விலக்கிப் பார்க்கலை. ‘முழுமை’ன்னு போட்டுட்டேன். உன் விண்ணப்பம் மூணு தடவை திரும்பினது என்னாலதான்.”

என் முன்னாள் மாணவிகளான நால்வர் தரையைப் பார்த்தார்கள்.

“தெரியும் மிஸ்” என்றாள் ரோவீனா.

“என்ன தெரியும்?”

“பக்கத்தோட அடியில சி. ஹெச்.னு போட்டிருக்கே. கொர்னீலியா ஹாலன்பெக். முதல் தடவை விண்ணப்பம் திரும்பினப்பவே நூலகத்துல போய்ப் பார்த்துட்டேன்.”

“பார்த்துட்டு ஏன் எங்கிட்ட ஒண்ணும் கேட்கலை? தப்பா இருக்கலாமேன்னு?”

ரோவீனா என்னை வியப்போடு பார்த்தாள்.

“நீங்களா? தப்பாவா? பஸ் ரெண்டு நிமிஷம் தாமதமா வந்தா வாசல்ல கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பீங்களே. நீங்க முழுமைன்னு எழுதினா முழுமைதான்னு நானும் நம்பிட்டேன்.”

ட்ரூடிதான் முதலில் சிரித்தாள். பிறகு ரோவீனா. அதன் பின் எல்லோரும். நான் எழுபத்தெட்டு வயதில், புல்லில் உட்கார்ந்து, கையில் மண்ணோடு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

அன்று மாலையே படங்களை எடுத்து, அளவுகோலை வைத்து அளந்து, மண்ணை மூடினோம். விண்ணப்பத்தை நான் தட்டச்சு செய்தேன். கல்லின் படங்களும், அறங்காவலரின் இசைவுத் தாளின் நகலும், ஒன்பது சாட்சிகளின் கையெழுத்தும், நூலின் நாற்பத்து மூன்றாம் பக்கம் பிழையானது என்று நான் எழுதிய உறுதிமொழியும் உடன் சென்றன. ஜூன் மூன்றாம் நாள் அவை தலைமையகத்தைச் சேர்ந்தன. அதே வாரத்தில் நூலகத்துக்குப் போய், அந்தப் பக்கத்தில் ஒரு திருத்தச் சீட்டை ஒட்டினேன். அதில் தலைப்பெழுத்துகளை இடாமல் என் பெயரை முழுமையாக எழுதினேன்.

ஜூன் மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தேன்: ரட் இடுகாட்டில் வைத்த கூண்டைச் சங்கம் திரும்பப் பெறவேண்டும்.

“என் ஜெரேனியம் என்ன ஆகுறது மிஸ்? அவன் தின்னுட்டே இருக்கட்டுமா?” என்று ட்ரூடி எழுந்தாள்.

“தின்னட்டும். நாப்பத்தேழு வருஷமா நான் படிக்காத வரியை அவன் ஒரு வாரத்துல திறந்து வச்சான். இந்தக் கிளையில அவனைவிட நல்ல தொண்டர் யார் இருக்கா?”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ட்ரூடியும் கையை உயர்த்தினாள், முழங்கைவரை மட்டும்.

ஆகஸ்டு இருபத்தாறாம் நாள் தலைமையகத்தின் உறை வந்தது. நான் அதைப் பிரிக்காமல் ரோவீனாவின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை மேசையில் வைத்து, கையைக் கழுவி, துடைத்து, பிறகுதான் பிரித்தாள். படித்ததும் எனக்கு ஒரு பெரிய துண்டு ஆப்பிள் கேக் வெட்டிவைத்தாள். நான் இனிப்பு உண்பதில்லை. அன்று உண்டேன்.

அக்டோபரில் தேவாலயக் கூடம் நிரம்பியிருந்தது. நூறாவது ஆண்டு என்பதால் பக்கத்து ஊர்க் கிளைகளும் வந்திருந்தன. எல்லோரும் வெள்ளை உடை. வருகைப் பதிவை அன்று நான் எடுத்தேன். பட்டியலில் என் பெயர் நடுவில் வந்தது; “காஸ்பர் ஹாலன்பெக், சிப்பாய்” என்று எனக்கு நானே விடை சொல்லிக்கொண்டேன். பட்டியலின் கடைசியில் புதிதாகச் சேர்த்த பெயரை அழைத்தேன்.

“ரோவீனா டீல்.”

காப்பிக் கெண்டியின் பக்கத்தில் நாற்காலி பின்னுக்கு நகரும் ஓசை கேட்டது. அவள் எழுந்து நின்றாள். தோளில் சங்கத்தின் நாடா குறுக்காகக் கிடந்தது. பேருந்தின் கடைசி இருக்கைவரை எட்டிய அந்தக் குரல் கூடத்தின் கண்ணாடிச் சன்னல்களை அதிரச் செய்தது.

“எலீஷா ரட்! வண்டியோட்டி!”

“ரோ, அவருக்கே கேட்டிருக்கும்” என்று ட்ரூடி சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

பிற்பகலில் ரட் இடுகாட்டுக்குப் போனோம். எலீஷாவின் கல்லுக்கு ரோவீனா மலர்வளையம் வைத்தாள். வளையத்தில் இருந்தவை ஜெரேனியம் மலர்கள்; செஞ்சட்டை அப்பால் தன் வளையின் வாயில் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் சடங்கு முடியட்டும் என்று பொறுமையோடு காத்திருந்தது. மற்றவர்கள் உண்ணப் போனபின், நான் ஒரு வாளித் தண்ணீரோடு மெஹிடபிளின் கல்லுக்குச் சென்றேன். அறங்காவலர் குழு அதைக் கோடையில் தூக்கி நேராக நிறுத்தியிருந்தது. கடைசி வரி இப்போது புல்லுக்கு மேலே, எல்லோரும் நின்றுகொண்டே படிக்கும் உயரத்தில் இருக்கிறது. நான் மண்டியிட்டேன். கீழிருந்து தொடங்கினேன்.

ரோவீனா என் பின்னால் வந்து நின்று சிறிது நேரம் பார்த்தாள்.

“மிஸ், வெள்ளை கவுன்ல புல்லுக்கறை பட்டுடுச்சு.”

“தெரியும். தூரிகையை எடு.”

“இது போகாது மிஸ். பிளீச்சிங் கூடாதுங்கிற விதி கல்லுக்கு மட்டும்தானா, கவுனுக்கும் உண்டா?”

“உனக்கு வேண்டியது கிடைச்சுடுச்சு இல்லையா? போய்க் கேக் சாப்பிடு.”

அவள் போகவில்லை. என் பக்கத்தில் மண்டியிட்டு, தன் தூரிகையை நனைத்து, கல்லின் அடுத்த பக்கத்தைக் கழுவத் தொடங்கினாள்.